மோதிய நொடியில் வண்டியை ஓட்டியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தானாக ஓடும் கார்களைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் இப்போது அடிக்கடி வருகின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: ‘தானியங்கி கார்’. ஓட்டுநர் இருக்கை காலியாக இருக்க, நகருக்குள் பயணிகளை ஏற்றிச் செல்லும் டாக்சியும் தானியங்கி கார். முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து, கோட்டுக்குள் தன்னைப் பிடித்துக்கொண்டு போகும் சொந்தக் காரும் தானியங்கி கார். போதாக்குறைக்கு, கிளட்ச் மிதி இல்லாத வண்டியையும் பலர் அப்படியே சொல்கிறார்கள். மூன்றும் வெவ்வேறு. முதல் இரண்டையும் ஒன்றென்று நம்பியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். இந்தக் கடிதம் நீளமானதற்கு அதுவே காரணம்.

எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 2014-ல் வெளியிட்டு 2021-ல் திருத்திய ஜே3016 ஆவணம், வண்டி தானாக ஓட்டும் திறனை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாக வகுத்திருக்கிறது. ஆறையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 2-க்கும் 3-க்கும் இடையில் உள்ள கோட்டைத் தெரிந்துகொண்டால் போதும். 2-ஆம் நிலையில் ஸ்டீயரிங், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூன்றையும் வண்டி இயக்கினாலும், ஓட்டுநர் மனிதர்தான். சாலையைப் பார்ப்பதும், தவறு நேர்ந்தால் அந்தக் கணமே திருத்துவதும் அவர் வேலை. 3-ஆம் நிலையில், குறிப்பிட்ட சூழல் இருக்கும்வரை வண்டியே ஓட்டுநர். அது கூப்பிடும்போது மனிதர் பொறுப்பை ஏற்க வேண்டும். 4-ஆம் நிலையில் கூப்பிடுவதே கிடையாது. வரையறுத்த எல்லைக்குள் எது நடந்தாலும் வண்டியே சமாளிக்க வேண்டும், முடியாவிட்டால் தானே பாதுகாப்பாக ஒதுங்கி நிற்க வேண்டும். எங்கும், எந்த வானிலையிலும் ஓடக்கூடிய 5-ஆம் நிலை வண்டி இன்று உலகில் ஒன்றுகூட இல்லை.

டெஸ்லாவின் ஆட்டோபைலட் 2-ஆம் நிலை. சொந்தக் காரில் மேற்பார்வையோடு பயன்படுத்தச் சொல்லி அதே நிறுவனம் விற்கும் ‘முழுத் தன்னோட்டம்’ என்ற வசதியும், பெயர் எப்படி இருந்தாலும், 2-ஆம் நிலைதான். மெர்சிடிஸ் நிறுவனம் 2022-ல் ஜெர்மனியில் விற்பனைக்குக் கொண்டுவந்த டிரைவ் பைலட் 3-ஆம் நிலை. தொடக்கத்தில் 60 கி.மீ. வேகத்துக்குள், நெடுஞ்சாலை நெரிசலில் மட்டும் அதற்கு அனுமதி. ஓட்டுநரே இல்லாமல் ஃபீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில் ஓடும் வேமோ நிறுவனத்தின் டாக்சிகள் 4-ஆம் நிலை.

இவற்றில் நான் மிகவும் அஞ்சுவது 2-ஆம் நிலையைத்தான். ஆளில்லாமல் ஓடும் டாக்சியைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு இது விநோதமாகப் படலாம். ஓட்டுவதைவிட, நன்றாக ஓட்டிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கண்காணித்துக்கொண்டே இருப்பது மனிதருக்குக் கடினம். நூறு தடவை சரியாகச் செய்த கருவி நூற்றியோராவது தடவையும் செய்யும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது; கை தொலைபேசிக்குப் போகிறது. 100 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடக்கும். குறுஞ்செய்தியைப் படித்துவிட்டு நிமிர 5 நொடி ஆனால், அதற்குள் 139 மீட்டர் போய்விட்டது. 3-ஆம் நிலை வண்டிகளுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை எண் 157, பொறுப்பை ஒப்படைக்கக் குறைந்தது 10 நொடி தரச் சொல்கிறது. மனிதர் ஏற்காவிட்டால் வண்டியே வேகம் குறைந்து நிற்க வேண்டும். 2-ஆம் நிலையில் அந்த அவகாசம் பூஜ்யம். எச்சரிக்கை ஒலிகூட வராமல் போகலாம், ஏனென்றால் தான் தவறு செய்கிறோம் என்பதே கருவிக்குத் தெரியாது.

2016 மே மாதம் ஃபுளோரிடாவின் வில்லிஸ்டன் அருகே ஆட்டோபைலட்டில் போன கார் ஒன்று, குறுக்கே திரும்பிய லாரியின் டிரெய்லருக்கு அடியில் புகுந்தது. 2019 மார்ச்சில் அதே மாநிலத்தின் டெல்ரே பீச்சில், கிட்டத்தட்ட 110 கி.மீ. வேகத்தில், அதே விபத்து அச்சு மாறாமல் மறுபடியும் நடந்தது. இரண்டிலும் கார் ஓட்டி வந்தவர் இறந்தார். இரண்டிலும் பிரேக் பிடிக்கப்படவில்லை. குறுக்குப் போக்குவரத்து உள்ள சாலைகளுக்காக அந்த வசதி வடிவமைக்கப்படவில்லை. ஆனாலும் அங்கே அதை இயக்க வண்டி அனுமதித்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் விசாரணைகளில் சுட்டிக்காட்டியது இதைத்தான். எந்தச் சாலைக்குத் தகுதி இல்லையோ, அந்தச் சாலையில் வசதியை இயக்க விடாமல் தடுப்பது ஒரு மென்பொருள் வரம்புதான். அதை வைக்காமல் விட்டது இயந்திரத்தின் இயலாமை அல்ல, மனிதர்கள் எடுத்த முடிவு.

இன்னொரு முடிவு, ஓட்டுநர் கவனிக்கிறாரா என்பதை எதைக் கொண்டு அறிவது என்பது. ஸ்டீயரிங்கில் லேசான திருகு விசை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் முறை மலிவானது. ஸ்டீயரிங்கில் ஒரு எடையைக் கட்டித் தொங்கவிட்டாலே அதை ஏமாற்றிவிடலாம். ஏமாற்றாவிட்டாலும் கை இருப்பதற்கும் கண் இருப்பதற்கும் சம்பந்தமில்லை. ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கும் அகச்சிவப்புக் கேமரா, இமையும் பார்வைத் திசையும் எங்கே என்று இரவிலும் சொல்லும். வண்டி வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஏறக்குறைய 20 லட்சம் டெஸ்லா கார்கள் மென்பொருள் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டதற்கும் இந்தக் கண்காணிப்பின் போதாமையே காரணம்.

ஆட்டோபைலட்டில் போன கார், சாலையில் நின்ற தீயணைப்பு வண்டியில் மோதிய செய்திகளைப் படித்துவிட்டு, ‘இவ்வளவு பெரிய வண்டி நிற்பது அதற்குத் தெரியாதா?’ என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 77 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் கார் ரேடார், எதிரே உள்ள பொருள் எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்பதை, திரும்பிவரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு (டாப்ளர் விளைவு) மிகத் துல்லியமாகச் சொல்லும். ஆனால் சாதாரண ரேடாருக்குக் கோணத் துல்லியம் குறைவு; உயரத்தை அநேகமாக அறியாது. தலைக்கு மேலே தொங்கும் வழிகாட்டிப் பலகை, மேம்பாலத்தின் அடிப்பகுதி, வளைவில் உள்ள தடுப்புக் கம்பி, தரையில் பதித்த இரும்பு மூடி என்று எல்லாமே அதற்கு ‘அசையாத பொருள்’ என்ற ஒரே எதிரொலிதான். ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்தால் வண்டி நெடுஞ்சாலையில் காரணமில்லாமல் நின்று, பின்னால் வருபவர் வந்து மோதுவார். அதனால் அசையாத எதிரொலிகளில் பெரும்பகுதியை மென்பொருள் வடிகட்டி ஒதுக்குகிறது. அந்தச் சல்லடையில் நின்றுகொண்டிருக்கும் தீயணைப்பு வண்டியும் கழிந்துவிடுவது உண்டு. கேமராவும் அதை உறுதி செய்யாவிட்டால் கார் நேராகப் போய் மோதும். ஒரு பக்கம் இல்லாத தடைக்குப் பிரேக், மறுபக்கம் இருக்கும் தடையைத் தவறவிடுதல். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எந்த நிறுவனமும் இந்த இழுபறியிலிருந்து தப்ப முடியாது. எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

இதில் ஓட்டுநர் கையில் இருக்கும் ஒரு திருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் போகும் வண்டி திடீரெனப் பக்கத்துத் தடத்துக்கு விலக, அதற்கு முன்னே பழுதாகி நிற்கும் லாரி தெரிகிறது என்று வையுங்கள். 100 கி.மீ. வேகத்தில், உலர்ந்த சாலையில், அழுத்திப் பிரேக் பிடித்தால் நிற்பதற்கு 55 மீட்டர் வேண்டும் என்று கொள்வோம். கருவி கண்டறிந்து பிரேக்கைச் செயல்படுத்த அரை நொடி, அதாவது 14 மீட்டர். மொத்தம் 69. இடைவெளியை 2 நொடிக்கு வைத்திருந்தால் முன்வண்டிக்கும் நமக்கும் இடையே 56 மீட்டர்தான். முன்வண்டி கடைசி நேரத்தில் விலகினால், கருவி தவறே செய்யாவிட்டாலும் மோதல் நிச்சயம். 3 நொடிக்கு வைத்திருந்தால் 83 மீட்டர், தப்பலாம். ஆகவே நெடுஞ்சாலையில் இடைவெளி அமைப்பை எப்போதும் அதிகபட்சத்தில் வையுங்கள். நடுவே யாராவது நுழைவார்கள் என்ற எரிச்சலில் குறைக்காதீர்கள். ஈரச்சாலையில் பிரேக் தூரம் இரட்டிப்பாகவும் கூடும். அப்போது வேகத்தையும் குறைத்தாக வேண்டும்.

லிடார் என்ற லேசர் உணரி இருந்தால் எல்லாம் தீர்ந்தது என்றும் சிலர் எழுதுகிறார்கள். லிடார் ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பிவர ஆகும் நேரத்தைக் கொண்டு தூரம் அளக்கிறது. 100 மீட்டர் போய்த் திரும்ப ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இருட்டிலும் அளக்கும், உயரத்தையும் வடிவத்தையும் தரும். நான் அதன் பக்கம் நிற்பவன். ஆனால் அதன் கதிர்கள் தூரம் போகப்போக விலகிக்கொண்டே போகும்: 0.1 பாகை இடைவெளி என்றால் 100 மீட்டரில் 17 செ.மீ., 200 மீட்டரில் 35 செ.மீ. சாலையில் படுத்துக் கிடக்கும் டயர்த் துண்டின்மேல் அந்தத் தூரத்தில் ஒரு புள்ளி விழலாம், விழாமலும் போகலாம். மூடுபனியில் ஒளி சிதறுகிறது. ஈரச்சாலையில் முன்லாரியின் சக்கரம் வாரி இறைக்கும் நீர்த்திவலை, சுவர் போல உருவெடுத்து வருகிறது. கறுப்பான, பளபளப்பான பரப்பு ஒளியை வேறு திசைக்குத் தள்ளிவிடுகிறது.

கேமராவின் தொல்லைகள் வேறு வகை. எதிர் வெயில், சுரங்கப்பாதையை விட்டு வெளியேறும் அந்த ஓரிரு நொடி, லென்ஸ் மீது பூச்சி அல்லது சேறு இவை எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாத ஒன்று எல்.இ.டி. சிக்னல். கண்ணுக்கு நிலையாகத் தெரியும் அந்த விளக்கு உண்மையில் நொடிக்குப் பல தடவை அணைந்து எரிகிறது. நடுப்பகல் வெளிச்சத்தில் கேமராவின் ஒளிப்பதிவு நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறையும். அணைந்த கணத்தில் படம் எடுக்கப்பட்டால் சிவப்பு விளக்கு எரியாத விளக்காகப் பதிவாகும். இதற்கென்றே தனிப்பட்ட படச்சில்லுகள் வேண்டியிருக்கின்றன. மூன்று வகை உணரிகளையும் சேர்த்து வைப்பது ஆடம்பரத்துக்கு அல்ல. ஒன்று தடுமாறும் இடத்தில் மற்றொன்று தடுமாறாது என்பதற்காக.

உணரிகள் எல்லாம் சரியாகப் பார்த்தும் ஆள் சாகலாம். 2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பி நகரில், ஊபர் நிறுவனத்தின் சோதனை வண்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது மோதியது. தானாக ஓடும் வாகனம் மோதிப் பாதசாரி இறந்த முதல் நிகழ்வு அது. மோதலுக்கு 5.6 நொடி முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. வண்டியின் வேகம் அப்போது ஏறக்குறைய 70 கி.மீ.; இடையே 100 மீட்டருக்கு மேல் இருந்தது. நிற்க 30 மீட்டர்கூடத் தேவையில்லை. பிறகு என்ன நடந்தது? மென்பொருள் அவரை ஒருமுறை வாகனம் என்றது, ஒருமுறை ‘வேறு ஏதோ’ என்றது, ஒருமுறை சைக்கிள் என்றது. பெயர் மாறும் ஒவ்வொரு முறையும், அதுவரை அவர் நகர்ந்த தடத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. தடம் இல்லாததால், அவர் வண்டியின் பாதைக்குள் வந்துகொண்டிருக்கிறார் என்ற கணிப்பே உருவாகவில்லை. பாதசாரிக் கோடு இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடப்பார் என்பது நிரலிலேயே இல்லை. மோதல் உறுதி என்று 1.2 நொடி முன்பு தெரிந்தபோது, வீண் பிரேக்குகளைத் தவிர்ப்பதற்காக வைத்திருந்த ஒரு நொடி ‘பொறுத்திரு’ விதி குறுக்கே நின்றது. காரில் தொழிற்சாலையே பொருத்தியிருந்த அவசர பிரேக் வசதியும் சோதனையின்போது இயங்காதபடி செய்யப்பட்டிருந்தது. கண்காணிக்க அமர்ந்திருந்தவரின் கண் சாலையில் இல்லை.

இதில் உடைந்த பாகம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு பாகமும் தனக்குச் சொன்னதைச் செய்தது. பாகம் பழுதாவதால் வரும் ஆபத்துக்கு ஐ.எஸ்.ஓ. 26262 என்ற தரநிலை 2011 முதல் இருக்கிறது. எதுவும் பழுதாகாமலே வரும் ஆபத்துக்காக ஐ.எஸ்.ஓ. 21448 என்று தனியாக ஒன்று 2022-ல் வந்தது. டெம்பியில் நடந்தது இரண்டாவது வகை. அதற்கான மருந்து கூடுதல் உணரி அல்ல. ‘அது என்ன’ என்று தெரியாவிட்டாலும் ‘அது எங்கே போகிறது’ என்பதைக் கைவிடாத மென்பொருள்தான் மருந்து. பெயர் தெரியாத பொருளும் இடிக்கும்.

4-ஆம் நிலை டாக்சிகளும் தவறு செய்கின்றன. ஆனால் அவற்றின் தவறுகள் மனிதரின் தவறுகளைப் போல இல்லை. தூங்கி வழிவதில்லை, குடிப்பதில்லை, மஞ்சள் விளக்கைப் பார்த்து வேகமெடுப்பதில்லை. இழுவை வண்டி ஒன்று ஒரு பிக்கப்பைப் பின்புறமாக, கோணலாக இழுத்துச் சென்றபோது, அது எந்தப் பக்கம் போகிறது என்று தப்பாகக் கணித்து, ஃபீனிக்ஸ் நகரில் 2023 டிசம்பரில் இரண்டு வேமோ கார்கள் சில நிமிட இடைவெளியில் அதே பிக்கப்பில் மோதின. ஒரு மனிதர் செய்த தவறு அவரோடு போகும். இங்கே ஒரு காரின் தவறு அதே மென்பொருள் ஓடும் அத்தனை கார்களின் தவறு. திருத்தமும் அப்படியே எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்கிறது என்பது இதன் நல்ல பக்கம். 2025 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பெரிய மின்தடை ஏற்பட்டு சிக்னல்கள் அணைந்தபோது, அணைந்த சிக்னலில் எப்படி நடந்துகொள்வது என்று அந்த டாக்சிகளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் தொலைவிலுள்ள உதவியாளரிடம் உறுதிப்படுத்தக் கேட்ட வண்டிகள் ஒரே நேரத்தில் ஏராளமாகிவிட, பல நடுச்சாலையிலேயே நின்றன. ஒரு வண்டி ஒதுங்கி நிற்பது பாதுகாப்பு. நூறு வண்டிகள் ஒரே சமயத்தில் நின்றால் ஆம்புலன்ஸுக்கு வழியில்லை.

2023 அக்டோபர் 2 அன்று அதே நகரில் நடந்தது இன்னும் கொடியது. மனிதர் ஓட்டிய வேறொரு கார் மோதித் தூக்கி எறியப்பட்ட பெண், குரூஸ் நிறுவனத்தின் ஆளில்லா காரின் முன்னே வந்து விழுந்தார். கார் பிரேக் பிடித்தும் அவர்மேல் ஏறி நின்றது. அதுவரை நடந்ததை எந்த ஓட்டுநராலும் தவிர்த்திருக்க முடியுமா என்பது விவாதத்துக்குரியது. அடுத்து நடந்தது அப்படி அல்ல. பக்கவாட்டில் இடிபட்டதாகத் தவறாக முடிவு செய்த கார், விதிப்படி ஓரம்கட்டுவதற்காக மறுபடி நகர்ந்து, அடியில் சிக்கியிருந்தவரை 6 மீட்டர் போல இழுத்துச் சென்றது. மோதலைத் தவிர்ப்பதில் காட்டிய அக்கறையை, மோதிய பிறகு என்ன செய்வது என்பதில் யாரும் காட்டவில்லை. ஒரு மனிதர் இறங்கிக் குனிந்து பார்ப்பார். அந்தக் காருக்கு வயிற்றுக்கடியில் கண் இல்லை. இழுத்துச் சென்ற பகுதியை நிறுவனம் அதிகாரிகளிடம் முழுமையாகச் சொல்லாமல் விட்டது இரண்டாவது குற்றம். அதே மாதம் கலிஃபோர்னியா அதன் உரிமத்தை நிறுத்திவைத்தது. 2024 டிசம்பரில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்சித் திட்டத்தையே கைவிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத் தரவையும் மறைக்கக் கூடாது. வேமோ கார்கள் 2025 ஜனவரி வரை ஓட்டுநர் இல்லாமல் ஓடிய சுமார் 9 கோடி கி.மீ. தூரத்தை, அதே நகரங்களில் மனிதர்கள் ஓட்டும் விபத்து விகிதத்தோடு ஒப்பிட்ட ஆய்வு, கடுமையான காயம் ஏற்படும் விபத்துகள் 85 சதவீதம் குறைவு என்கிறது. பாதசாரிகள் காயமடைவது 92 சதவீதம் குறைவு. ஆய்வை எழுதியவர்கள் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். ஆனால் சக ஆய்வாளர் பரிசீலனைக்குப் பிறகே வெளியானது, அடிப்படைத் தரவும் பொதுவில் இருக்கிறது. உலகச் சாலைகளில் ஆண்டுக்கு 11.9 லட்சம் பேர் சாவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது, இந்த எண்களை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இதை உயிரிழப்புக்கு நீட்டக் கூடாது. ரேண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2016-ல் ஒரு கணக்குப் போட்டது. அமெரிக்காவில் மனிதர்கள் ஓட்டும்போது 10 கோடி மைலுக்கு 1.09 மரணம். இயந்திரம் அதைவிட மோசமில்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, ஒரு மரணமும் இல்லாமல் 27.5 கோடி மைல், அதாவது 44 கோடி கி.மீ. ஓட வேண்டும். மனிதரைவிட 20 சதவீதம் மேல் என்று நிரூபிக்க அதைப்போலப் பல மடங்கு ஓட வேண்டும். நகரத் தெருவில் கிடைத்த முடிவு நெடுஞ்சாலைக்குப் பொருந்தாது. வெயில் காலத்தில் கிடைத்தது பனிக்காலத்துக்குப் பொருந்தாது. வேமோவின் எண்ணைக் காட்டி 2-ஆம் நிலைக் காரை விற்பது இதில் மிகப் பெரிய பித்தலாட்டம். ‘சோதனையில் மனிதர் எத்தனை தடவை குறுக்கிட்டார்’ என்ற எண்ணை வைத்து நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்துவதையும் விட்டுவிடலாம். வெற்றுச் சாலையில் ஓட்டினால் அந்த எண் தானாகவே குறையும்.

இனி, 2-ஆம் நிலை வசதி உள்ள காரை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு, பெரும்பாலும் யாரும் சொல்லாத ஒரு விஷயம். முன்பக்கக் கண்ணாடியை மாற்றினால் அதன் பின்னுள்ள கேமராவை மறுபடி அளவு பார்த்துப் பொருத்த வேண்டும். பட்டறைகளில் கேலிபரேஷன் என்பார்கள். கேமரா ஒரு பாகை விலகினால் 100 மீட்டர் தொலைவில் 1.75 மீட்டர் பிழை. அரைப் பாகை என்றாலே 87 செ.மீ.; பக்கத்துத் தடத்து வண்டி நம் தடத்தில் இருப்பதாகவும், நம் தடத்து வண்டி விலகி இருப்பதாகவும் தெரிய இது போதும். இவ்வளவு சிறிய விலகலுக்கு எச்சரிக்கை விளக்கு எரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். கண்ணாடியும் அந்த மாடலுக்குரிய கேமராச் சாளரம் உள்ளதாக இருக்க வேண்டும். மலிவான கண்ணாடியில் கேமரா பார்க்கும் இடத்தில் உருவம் லேசாக நெளியும். பம்பரைப் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தாலும் சிக்கல்தான். அதன் பின்னால் ரேடார் இருந்தால், தடித்த பட்டியும் உலோகத்துகள் கலந்த பெயின்ட்டும் அலையை விழுங்கிவிடும். ரேடார் குருடாகாது, மங்கலாகும்.

கேலிபரேஷன் செய்யும் முறையிலும் கண் வையுங்கள். முதலில் வீல் அலைன்மென்ட் சரியாக இருக்க வேண்டும், டயர்க் காற்று குறித்த அளவில் இருக்க வேண்டும், டிக்கியில் பாரம் இருக்கக் கூடாது, தரை மட்டமாக இருக்க வேண்டும். கேமரா பார்த்து அளவெடுப்பதற்கான குறிப்பலகையைக் காரின் மையக் கோட்டிலிருந்து அளந்து, தயாரிப்பாளர் சொன்ன தூரத்திலும் உயரத்திலும் நிறுத்த வேண்டும். பின்னால் ஜன்னல் வெளிச்சமோ பளபளப்பான சுவரோ இருக்கக் கூடாது. சில மாடல்களுக்கு இதன்பின் குறிப்பிட்ட வேகத்தில், கோடு தெளிவாக உள்ள சாலையில் ஓட்டவும் வேண்டும். முடிந்ததும் ஸ்கேன் கருவியின் அறிக்கையை அச்செடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி மாட்டிய கையோடு, பலகை எதையும் வைக்காமல் ‘எல்லாம் சரி’ என்று சாவியைக் கொடுத்தால், உங்கள் மாடலுக்கு எந்த முறை, அது செய்யப்பட்டதா என்று கேட்காமல் வண்டியை எடுக்காதீர்கள். சஸ்பென்ஷனை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் இதே விதி.

பாதசாரிகளைக் கண்டு பிரேக் பிடிக்கும் வசதியை இரவில் நம்பாதீர்கள். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், அது பாதசாரி விபத்துகளை மொத்தத்தில் 27 சதவீதம் குறைத்தது. தெருவிளக்கு இல்லாத இருட்டுச் சாலையில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. மனிதக் கண் எங்கே அதிகம் தடுமாறுமோ, அங்கேயே அதுவும் கைவிடுகிறது.

தங்கள் செய்தியாளர்களிடம் நான் வேண்டுவது இதுதான். விபத்துச் செய்தியில் காரின் பெயரைவிட முக்கியமானவை சில உண்டு: எந்த நிலை, அந்த வசதி இயங்கிக்கொண்டிருந்ததா, என்ன வேகம், வெளிச்சம் எப்படி, அந்தச் சாலைக்கு அந்த வசதி அனுமதிக்கப்பட்டதா. ‘மோதும்போது வசதி இயங்கவில்லை’ என்று நிறுவனம் சொன்னால், எத்தனை நொடிக்கு முன் அணைந்தது என்று கேளுங்கள். மோதலுக்கு அரை நொடி முன் கருவி கைவிட்டாலும், ஓட்டுநர் பதறிப் பிரேக்கை மிதித்ததால் அணைந்தாலும், அது உண்மையிலேயே ‘இயங்காத’ நேரம்தான். அதனால்தான் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2021-ல் பிறப்பித்த ஆணை, மோதலுக்கு முந்தைய 30 நொடிக்குள் எப்போது இயங்கியிருந்தாலும் அந்த விபத்தைக் கணக்கில் சேர்க்கச் சொன்னது.

பதில் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. 3-ஆம் நிலை வண்டிகளில், வசதி எப்போது இயங்கத் தொடங்கியது, எப்போது மனிதரைக் கூப்பிட்டது, அவர் எப்போது ஏற்றார் என்பதை நேரத்தோடு குறித்துவைக்கும் பதிவுக் கருவியை ஐ.நா. ஒழுங்குமுறை கட்டாயமாக்கியிருக்கிறது. மற்ற பல கார்களிலும் மோதலுக்கு முந்தைய சில நொடிகளின் வேகம், பிரேக், ஆக்ஸிலரேட்டர் நிலை ஆகியவை பதிவாகும். அந்தப் பதிவைப் படித்து அதிகாரிகள் சொல்லும்வரை, ‘தானியங்கி கார் மோதியது’ என்றும் எழுத வேண்டாம், ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்றும் எழுத வேண்டாம். ‘ஓட்டுநர் உதவி வசதி இயங்கியதா என்பது இன்னும் உறுதியாகவில்லை’ என்று எழுதுங்கள். உறுதியான பிறகு, முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் அதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாகனப் பாதுகாப்புப் பொறியாளர் ஒருவர்